கணவர் போனை வைத்த பிறகும் என்னால் வைக்க முடியவில்லை

வாசகர் கேள்வி

எனக்கு 36 வயது. கும்பகோணம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவர் நான்கு வருடமாக ஷார்ஜாவில் கிடங்கு வேலையில் இருக்கிறார். மாமியாரும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பதால் அவர் போட்டிம் செயலியில்தான் கூப்பிடுவார். வேலை முடிந்து அறைக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அவர் கூப்பிடும்போது இங்கே மணி பத்தேமுக்கால் ஆகிவிடும். அரை மணி நேரம் பேசுவோம். அவர் வைத்த பிறகு போன் என் கையிலேயே இருக்கும். கொஞ்ச நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று ஆரம்பித்தால் இரவு ஒன்றரை ஆகிவிடுகிறது. சில நாள் வெளிநாட்டில் இருக்கும் கணவரைப் பற்றிய சோகப் பாட்டாகவே வரும். பார்த்து அழுதுவிட்டுத்தான் படுப்பேன். காலை ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். பகலெல்லாம் எரிச்சல். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகூட வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. பள்ளிக் குழுக்களில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது; வராதபோதும் போன் அதிர்வது போலவே இருக்கிறது. போன வாரம் மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ‘கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்’ என்றேன். ‘அப்ப நான் என்ன சொன்னேன்?’ என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா? பேசாமல் பட்டன் போனுக்கு மாறிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேம் பழக்கம் எல்லை மீறிப்போவது அதில் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று ஒரு நோய் அதில் இல்லை. அந்தப் பட்டத்தை நீங்களே உங்களுக்குச் சூட்டிக்கொள்ள வேண்டாம். அதற்காக உங்கள் சிரமம் பொய் என்று ஆகிவிடாது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்தால் தவிப்பவர்களுக்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. இந்தச் சிக்கலோடு என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று நான் முதலில் கேட்பதில்லை. போனால் எது கெட்டுப்போகிறது என்றுதான் கேட்பேன். உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. உறக்கம் கெட்டிருக்கிறது, மகள் பேசுவது காதில் விழாமல் போகிறது. இந்த இரண்டையும் மீட்டால் போதும். மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம் நீங்கள் கோலம் போடுகிற வீடியோ பார்த்தால் தாராளமாகப் பாருங்கள்.

இரண்டிலும் உறக்கம்தான் முதலில். ஒன்றரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுந்தால் நாலு மணி நேரம்கூட இல்லை. வளர்ந்த ஒருவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். உறக்கம் இவ்வளவு குறைந்தால் யாருக்கும் எரிச்சல் வரும், சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும், மறுநாள் இரவு ‘போதும், போனை வை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் தெம்பும் இருக்காது. களைப்பால் போன், போனால் களைப்பு என்று இது சுற்றிக்கொண்டே இருக்கும். இதை உறக்கத்தின் பக்கம் உடைப்பதுதான் சுலபம்.

உங்கள் இரவு ஏன் இப்படி நீள்கிறது? காலை ஐந்தேகாலில் இருந்து இரவு பத்தேமுக்கால் வரை உங்களுக்கென்று ஒரு நேரம் உங்கள் நாளில் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் விரிவாக எழுதாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது: டிபன், டப்பா, பேருந்து, வகுப்பு, எமிஸ் என்ற பள்ளி இணையதளத்தில் பதிவு, மாமியாரின் மாத்திரை, மகளின் வீட்டுப்பாடம். கணவர் போனை வைத்த பிறகுதான் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரமே வருகிறது. அதை உறக்கத்துக்குக் கொடுக்க மனம் வராது. தூங்கினால் கண் விழிக்கும்போது மறுபடி டிபன், டப்பா. வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாமலே உறக்கத்தைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தை 2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். பகல் முழுவதையும் பிறருக்குக் கொடுத்துவிடுகிறவர்களிடம் நான் இதை அதிகம் பார்க்கிறேன். செவிலியர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஆசிரியைகள். சோம்பேறிகள் யாரும் இந்த வரிசையில் இல்லை.

உங்களுக்கு இதன்மேல் இன்னொன்றும் இருக்கிறது. அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசிவிட்டு, திரை சட்டென்று இருண்டதும் வருகிற வெறுமை. சொல்ல நினைத்து விட்டுப்போனவை, அவர் முகத்தில் தெரிந்த அசதி, அடுத்த விடுப்பு எப்போது என்ற கேள்வி. அந்த நேரத்தில் மனதுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். அப்போது கையில் இருப்பது போன். விரல் தானாக நகர்ந்துவிடுகிறது.

அந்த விரலை நிறுத்த விடாமல் செய்வதற்கென்றே செயலி நிறுவனங்களில் பலர் உழைத்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடியும். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். அங்கே ஒரு நொடி யோசிக்க இடம் இருந்தது. முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அப்படிச் செய்ததற்காக வருந்துவதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இன்னொரு சங்கதி, பரிசு எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறாவைவிட, எத்தனை கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது என்று உளவியலாளர் ஸ்கின்னர் 1950-களிலேயே காட்டிவிட்டார். தாயம் ஆடும்போது அடுத்த உருட்டில் விழுந்துவிடும் என்றுதானே உருட்டிக்கொண்டே இருக்கிறோம்? ரீல்ஸும் அப்படித்தான். ஒன்பது சப்பென்று இருக்கும், பத்தாவது மனதைத் தொடும். அந்தப் பத்தாவதுக்காக இன்னும் ஒன்பது. இதை எதிர்த்து மன உறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் நள்ளிரவில், களைத்த உடம்போடு போராடச் சொல்வது நியாயமே இல்லை. அதனால் ‘மனசைக் கட்டுப்படுத்துங்கள்’ என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை.

அந்தச் சோகப் பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மனநிலை தெரிந்து யாரும் அனுப்பவில்லை. நீங்கள் ஒன்றில் சில நொடி கூடுதலாக நின்றீர்கள். அதைப் போன்றதே இன்னும் வந்தது. அழுதபடி கடைசி வரை பார்த்தாலும் செயலியின் கணக்கில் அது விருப்பம்தான். அப்படி வரும்போது ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்துங்கள். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் பரிந்துரைகளை மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்கவும் வழி இருக்கிறது. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, நிறுத்தியும் வைத்துவிட்டால் முகப்பில் பரிந்துரைகளே வராது. வேண்டியதை நீங்களாகத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள். இரவில் செய்யலாம் என்று வைத்துக்கொண்டால் நடக்காது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி ஏன் பலன் தரவில்லை என்று கேட்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் 12 பேரைப் படுக்கும் முன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படிக்க வைத்தார்கள். உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போனது உண்மை. ஆனால் அச்சுப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால், உறக்கம் வர ஆன கூடுதல் நேரம் சராசரியாக 10 நிமிடம்தான். உங்களுக்குப் போவது இரண்டு மணி நேரம். ஒளியை மட்டும் மறைத்து அதைத் திரும்பப் பெற முடியாது.

சரி, பட்டன் போன்? வேண்டாம். யு.பி.ஐ., எமிஸ், பள்ளிக் குழு, எல்லாவற்றுக்கும் மேல் கணவரின் முகம், இவ்வளவும் அந்த ஒரு கருவியில் இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஸ்மார்ட்போனுக்கே திரும்பிவிடுவீர்கள், ‘தோற்றுவிட்டேன்’ என்ற நினைப்பு மட்டும் மிச்சமாகும். முழுதாக விட்டுவிடாமல் குறைத்துக்கொண்டாலே பலன் தெரியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினரை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று குறைக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

நான் சொல்லப்போகும் முக்கியமான ஏற்பாடு இதுதான். கணவரோடு பேசும் போனையும் ரீல்ஸ் ஓடும் போனையும் பிரித்துவிடுங்கள். அநேகமாக உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று கிடக்கும். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. அதில் போட்டிமை மட்டும் வைத்து, யூடியூப், உலாவி போன்றவற்றை முடக்கிவிடுங்கள். உங்கள் போனிலிருந்து போட்டிமை நீக்கிவிடுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் அதுவே போதும்; இல்லாவிட்டால் கூடத்தில் இருக்கும் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை அந்த நேரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு உங்கள் போன் கூடத்தில் சார்ஜில் போய்விட வேண்டும். பத்தேமுக்காலுக்கு மணி அடிப்பது பழைய போன். பேசி முடித்ததும் அந்தத் திரையில் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. பகலில் அவசரம் என்றால் அவர் சாதாரண அழைப்பிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ உங்களைப் பிடித்துவிடலாம்.

பழைய போன் இல்லையென்றால் இருப்பதிலேயே சமாளிக்கலாம். பத்து மணிக்குத் ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பைப் போட்டு, போட்டிமுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு பேச வேண்டாம். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசையில் நிறுத்திவைத்துப் பேசுங்கள்; அவர் வைத்ததும் அங்கேயே சார்ஜில் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். முதல் வழி அளவுக்கு இது உறுதியானது இல்லை. எழுந்திருக்க வேண்டிய அந்த ஒரு கணத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் போராட்டம் இருக்கும். காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ‘அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன்’ என்று சொல்லித்தான் முக்கால்வாசிப் பேரின் போன் தலையணை அடிக்குப் போகிறது.

போன் கையில் இல்லை என்பதாலேயே அந்த வெறுமை போய்விடாது. அதற்கும் ஒரு இடம் வேண்டும். ஒரு பழைய டைரியில் அவரிடம் சொல்ல விட்டுப்போனதை நாலு வரி எழுதுங்கள். ‘பாப்பாவுக்கு முன்பல் ஆடுது’, ‘அம்மாவுக்குச் சர்க்கரை 180 காட்டுச்சு, டாக்டர் மாத்திரை மாத்தலை’ என்று இப்படிச் சாதாரணமாக இருந்தால் போதும். மறுநாள் அதைப் பார்த்துப் பேசலாம். என்னிடம் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களில் இது நன்றாக வேலை செய்வதைப் பார்க்கிறேன்; மனம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்ட மாதிரி அடங்குகிறது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். கை போனைத் தேடும், கூடத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றும். அந்த உந்துதல் ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து துணி மடியுங்கள், பத்திரிகை புரட்டுங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். படுக்கை என்றால் உறக்கம் என்று உடம்புக்கு மறுபடி பழக்கும் இந்த முறையை 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் முன்வைத்தார். உறக்கமின்மைக்கு மருந்தில்லாமல் தரும் சிகிச்சையில் இன்றும் இது முக்கியமான பகுதி. நடுவில் ஒரு நாள் பழையபடி ஒன்றரை ஆகிவிட்டால் மறுநாள் பத்து மணிக்குப் போனைக் கூடத்தில் வைத்தால் போதும். அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு ஒரு பகலை வீணாக்க வேண்டாம்.

இரவு நேரத்தை இப்படி எடுத்துக்கொண்டால், உங்களுக்கென்று இருந்த ஒரே நேரத்தையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று ஆகும். அது நிலைக்காது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் உங்களுக்கு வேண்டும். மாமியாரிடம் நேராகவே பேசுங்கள்: ‘அத்தை, அஞ்சு மணியிலேருந்து அஞ்சரை வரைக்கும் பாப்பாவை நீங்க பாத்துக்குங்க. நான் மாடியில இருக்கேன்.’ மாடியில் நடங்கள், காபியோடு சும்மா உட்காருங்கள், வேண்டுமானால் ரீல்ஸ்கூடப் பாருங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் அரை மணியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

பள்ளிக் குழுக்கள் அடுத்தது. போன் அதிராதபோதும் அதிர்ந்தது போலத் தோன்றுவது பலருக்கும் வருவதுதான். எப்போது கூப்பிடுவார்களோ என்று உடம்பு காத்துக்கொண்டே இருப்பதன் விளைவு அது. அறிவிப்புகளை அப்போதைக்கப்போது காட்டாமல் நாளுக்கு மூன்று முறை மட்டும் சேர்த்துக் காட்டினால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அப்படிச் சேர்த்துப் பார்த்தவர்களின் மனம் இலேசானது. அறிவிப்பே வராமல் மொத்தமாக நிறுத்தப்பட்டவர்களுக்கோ பதற்றம் கூடியது. எனவே குழுக்களை ஒலியில்லாமல் செய்துவிட்டு, மத்தியான இடைவேளை, பள்ளி விட்டதும், இரவு ஏழரை என்று மூன்று வேளை மட்டும் திறந்து பார்த்துப் பதில் போடுங்கள். எச்.எம்.முக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘ஐயா, குழுச் செய்திகளை இந்த நேரங்களில் பார்த்துவிடுவேன். அவசரம் என்றால் போன் செய்யுங்கள், எடுத்துவிடுகிறேன்.’ இதைச் சொல்லத்தான் பலருக்குத் தயக்கம். சொன்ன பிறகு பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை.

மகளின் கேள்வி உங்களை உறுத்துகிறது என்பது வரிகளில் தெரிகிறது. அவள் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தவில்லை, கேட்டாள். நீங்கள் கேட்க வேண்டும் என்று இன்னும் எதிர்பார்க்கிறாள் என்றுதான் அதற்கு அர்த்தம். அவளிடம் சாக்கு சொல்ல வேண்டாம். ‘அன்னைக்கு நீ சொன்னதை நான் கேட்கல. இப்ப சொல்லு’ என்று சொல்லுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. அப்புறம் ஒரு சின்னப் பழக்கம்: அவள் முன்னால் போனை எடுத்தால் எதற்கு எடுக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘எச்.எம்.முக்குப் பதில் போடணும், ரெண்டு நிமிஷம்.’ குழந்தைக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தெரிந்துவிடும். உங்களுக்கும் ஒரு பலன் உண்டு. காரணமே இல்லாமல் எடுத்தால் சொல்ல வாய் வராது, கையே நின்றுவிடும்.

மருத்துவராக ஒன்று சொல்லியாக வேண்டும். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை என்றால் ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதுப் பெண்களிடம் இரண்டுமே பரவலாக இருக்கின்றன. உறக்கம் சீரான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், போனை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, இந்தப் பதிலை உங்கள் கணவருக்கும் அனுப்புங்கள். உங்களுக்குப் பதினொன்றேகால் என்றால் அங்கே மணி ஒன்பதேமுக்கால்தான். போனை வைத்த பிறகு அவர் தூங்குகிறாரா, அல்லது அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவரும் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது சமையலுக்கு முன்பே, வந்த கையோடு கூப்பிட முடியுமா என்றும் கேளுங்கள். சமைத்துக்கொண்டே பேசினாலும் சரிதான். அந்த நாட்களில் உங்களுக்கு முக்கால் மணி நேரமாவது கூடுதல் உறக்கம் கிடைக்கும், மகளும் விழித்திருந்து அப்பாவோடு பேசுவாள்.